துடக்கு வீட்டுக்கு வந்தவர்கள்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு "எம் சமூகத்தின் தொண்டு மரபு" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழு என்னைக் கேட்டது. யாரைப் பற்றி எழுதலாம் என்று தொலைபேசியில் யோசனையும் சொன்னார்கள். சொல்லப்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள். அனைவரும் மேடையில் பொன்னாடை பெற்றவர்கள். அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் தாயாரைத் தேடி வந்த மூன்று கறுப்பினப் பெண்களைப் பற்றி எழுதுகிறேன்.

சிறு வயதில் பெற்றோரின் கைப்பிடியில் இந்த நகருக்கு வந்து, இப்போது விழாக்களில் முன்வரிசையில் இருத்தப்படுகின்ற என் வயதினருக்காக இதை எழுதுகிறேன். முன்வரிசை நமக்குத் தகுதியால் மட்டும் கிடைக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். நாம் தமிழில் கேட்டால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள்; நாம் சொல்லாமல் விட்டவற்றை அவர்கள் இனி யாரிடமும் கேட்டு அறிய இயலாது. வீட்டு விஷயத்தைப் பொதுவில் வைக்கும் பழக்கம் எனக்கில்லை. எங்கள் குடும்பத்தின் மதிப்பு இதனால் குறையாது என்று நன்றாக எண்ணிப் பார்த்த பின்னரே பேனாவை எடுத்தேன்.

அது நாங்கள் இங்கே வந்த முதற் குளிர்காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், சான்ட்ரிங்ஹாம் பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பலகையால் கட்டிய பழைய வீடொன்றை ரென்டுக்கு எடுத்திருந்தோம். இன்று அந்த வீதியில் தோசையும் பிரியாணியும் மணக்கின்றன. அன்று மாலை ஐந்து மணியானால் தெருவில் எதுவும் மணக்காது; குளிர் மட்டும் மூக்கைத் தொடும். கம்பளத்தில் எங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் நாயின் மணம். யன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் காலையில் நீர் வழிந்திருக்கும். சுவர் மூலைகளில் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் படரும். அம்மா வினாகிரியில் துணி தோய்த்துத் துடைப்பார். அடுத்த வாரம் அதே இடத்தில் அது திரும்ப வந்துவிடும். ஹீட்டரின் முன்னால் மரத்தாலான மடிப்புச் சட்டகம் ஒன்று எந்நேரமும் விரிந்து நிற்கும். அதில் தொங்கும் துணிகள் ஒருபோதும் முற்றாகக் காய்ந்ததில்லை. அரை ஈரத் துணியின் அந்த மணம்தான் எனக்கு இந்த நாட்டின் முதல் மணம். அந்தச் சட்டகம் பின்பு வீடு மாறியபோது எங்கேயோ விடுபட்டுப் போயிற்று.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இங்கே பிளாஸ்ரிக் வாளிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டினார். காலையில் கழுத்தில் ரை கட்டிக்கொண்டே புறப்படுவார். தொழிற்சாலை வாசலில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் குளிரில் தம்பி பிறந்தான்.

துடக்கு என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே சொல்லி வைக்கிறேன். குழந்தை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்நாள்களில் பிறத்தியார் அவ்வீட்டினுள் போவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை, தவறிப் போனால் தலைமுழுகிவிட்டே தம் வீட்டுக்குள் நுழைவார்கள். ஆனால் ஒரே வழித்தோன்றலான உறவினர்க்கும் அதே துடக்கு உண்டு. அவர்களைத் துடக்குக்காரர் என்போம். அவர்கள் எவ்விதத் தடையுமின்றி வந்து போவார்கள். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்காகிய காயம் அரைத்துச் சரக்குக் கறி வைப்பார்கள். இலை அவித்துத் தாய்க்கு வேது வார்ப்பார்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை உறங்கவிடுவார்கள். ஊரார் வராததால் அவளுக்கு உபசரிக்கும் வேலையுமில்லை. ஊரில் துடக்கு என்பது தாய்க்குக் கிடைத்த விடுமுறை.

ஆக்லாந்தில் எங்களுக்குத் துடக்குக்காரர் ஒருவரும் இல்லை. இருந்த தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் பிறத்தியார். அனைத்தும் ஒழுங்காக ஆசாரம் காத்தவை. விதி கப்பலேறி வந்துவிட்டது. அதைச் சுமக்க வேண்டியவர்கள் வரவில்லை. தொலைபேசி அடிக்கும். சங்கச் செயலாளரின் மனைவியான மாமி பேசுவார்.

"எப்பிடிப் பிள்ளை, அம்மா சுகமே? தம்பி பால் குடிக்கிறானோ? முப்பத்தொண்டு கழியட்டும், எல்லாருமா வாறம் எண்டு சொல்லு."

மாமி கெட்டவரல்லர். யாரும் கெட்டவரல்லர். எல்லோரும் நாள்களைக் கணக்கிட்டுக்கொண்டு நல்லெண்ணத்தோடு காத்திருந்தார்கள்.

அப்பா வேலைக்கும் நான் பாடசாலைக்கும் போய்விட, அம்மா தம்பியோடு அந்த வீட்டில் இருந்தார். முதலில் அவரது பேச்சுக் குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. நான் வரும்போது காலையில் போட்டுக் கொடுத்த தேநீர் ஆடை படர்ந்து அப்படியே இருக்கும். தம்பி அழுவான், அம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார், வேறு யாரோ விட்டுச் சென்ற குழந்தையைப் பார்ப்பது போல. "உடம்பு அலுப்பு, நாள் போகச் சரிவரும்" என்றார் அப்பா. கணிதம் படித்தவர், நாள் போனால் விடை வரும் என்று நம்பினார்.

ஒரு நாள் பாடசாலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கதவு தட்டப்பட்டது. திறந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றார். அவ்வளவு நெடிய பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. தலையிலிருந்து முழங்கால் வரை பழுப்பு நிறச் சால்வை, கறுப்பு முகம், காலில் ஆண்களின் கம்பளிச் சப்பாத்து. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த சோமாலியக் குடும்பத்துத் தாய். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் அன்று ஒரே அளவுதான்.

"பிள்ளை ஏன் இப்படி அழுகிறது? காலையிலிருந்து கேட்கிறேன். உன் அம்மா எங்கே?"

"படுத்திருக்கிறா."

"அம்மாவின் அம்மா?"

"இலங்கையில்."

"அம்மாவின் சகோதரி? அப்பாவின் சகோதரி?"

"ஒருவரும் இல்லை."

அவர் சப்பாத்தைக் கழற்றினார். துடக்கு வீடு, உள்ளே வரக்கூடாது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையில், தம்பி அவர் தோளில் கிடந்தான். அழுகை நின்றிருந்தது.

மறுநாள் அவரோடு இன்னும் இருவர் வந்தார்கள். ஒருவர் எத்தியோப்பியர், ஒரு பக்கக் கதவு திறக்காத பழைய வான் ஒன்றை ஓட்டி வந்தார். மற்றவர் சூடானியப் பெண், இளையவர், ஆங்கிலம் நன்றாக வரும். நெடிய அன்ரி, வான் அன்ரி, சின்ன அன்ரி என்று நான் அவர்களைக் குறித்துக்கொண்டேன். இன்றுவரை என் மனத்தில் வேறு பெயர்கள் இல்லை.

வான் அன்ரி துணியில் சுற்றிய பாத்திரமொன்றைக் கட்டிலருகே வைத்துத் திறந்தார். மாவைக் கிண்டித் திரட்டிய ஒரு குன்று. நடுவே ஒரு குழி. குழி நிறையச் சிவந்த தூள் கலந்து உருக்கிய வெண்ணெய். ஆவி பறந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்தார். நெடுநேரம் அதையே பார்த்தார்.

"களி," என்றார். பல நாள்களுக்குப் பிறகு அவராகச் சொன்ன முதற் சொல். "ஆர் பிள்ளை கிண்டினது?"

நான் வான் அன்ரியைக் காட்டினேன். அம்மா ஓரத்தில் விரலால் கிள்ளி, குழியில் தொட்டு, வாயில் வைத்தார்.

"உழுந்தில்லை. நல்லெண்ணெயும் இல்லை." மறுபடி கிள்ளினார். "எண்டாலும் களிதான்."

"என்ன சொல்கிறாள்?" என்று வான் அன்ரி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"பார்த்தாயா!" என்று அவர் நெடிய அன்ரியின் பக்கம் திரும்பினார். "இவளுக்கு நாக்கு இருக்கிறது. உன்னைப் போல உப்பில்லாத கஞ்சி குடித்து வளர்ந்தவளில்லை."

"எங்கள் அண்ணன்மாரும் இவளுடைய அண்ணன்மாரும் எல்லையில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்," என்றார் நெடிய அன்ரி என்னிடம். "அந்தச் சண்டை முடிந்துவிட்டது. உப்புச் சண்டை முடியவில்லை."

தம்பியின் நாப்பித் துணி மடிக்கும்போது சின்ன அன்ரி சொன்ன கதையிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். தேவாலய மண்டபமொன்றில் நடந்த ஆங்கில வகுப்பில் அவர்கள் சந்தித்தார்கள். முதல் நாள் நெடிய அன்ரியும் வான் அன்ரியும் மண்டபத்தின் எதிரெதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். பின்பு வான் அன்ரிக்குக் குழந்தை பிறந்தது. கணவர் அப்போது இன்னும் வந்து சேரவில்லை. வகுப்பில் இடம் வெறுமையாக இருக்கக் கண்டு நெடிய அன்ரி விலாசம் விசாரித்துக்கொண்டு சூப்போடு போனார். அங்கேதான் தொடங்கியது. ஊரில் பெற்றவளைச் சுற்றி நாற்பது நாள் பெண்கள் இருப்பார்கள். இங்கே யாருக்கும் தாயில்லை, தமக்கையில்லை. ஆகவே யார் பெற்றாலும் முறைவைத்துப் போவது என்று முடிவு செய்தார்கள். முதலில் தங்களுக்குள், பிறகு கேள்விப்பட்ட வீடெல்லாம். அந்தக் கூட்டுக்குத் தலைவர் இல்லை, விதிகளை எழுதி வைத்த யாப்பு இல்லை, பெயர்கூட இல்லை. நம் சங்கம் அதே ஆண்டில் யாப்புத் திருத்துவதற்கே ஐந்தாறு கூட்டம் கூடியது.

களி வந்த அன்று மாலை அப்பா அந்தப் பாத்திரத்தைக் கண்டார்.

"ஆர் தந்தது?"

சொன்னேன்.

"நாங்கள் ஆரிட்டையும் கை நீட்டி வாங்கி அறியாதம். கழுவி, சீனி போட்டுக் குடுத்துவிடு. வெறும் பாத்திரமாக் குடுக்கக்கூடாது." நாற்காலியில் அமர்ந்து ரையைத் தளர்த்தினார். உள்ளே தம்பி உறங்கிக்கொண்டிருந்தான்; அம்மா தலை வாரியிருந்தார். அவர் அதைக் கண்டார் என்று நினைக்கிறேன். அதன்பின் கேட்கவில்லை. அவர் வேலை விட்டு வருமுன் அவர்கள் போய்விடுவார்கள். சாம்பிராணி போன்ற ஒரு புகை மணம் மட்டும் வீட்டில் நிற்கும். அது நெடிய அன்ரியின் நாட்டுக் குந்துருக்கம். அம்மாவின் கூந்தலை விரித்து அதற்குள் புகை பிடிப்பார். பூஞ்சண மணம் அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

குழந்தையை நிறுக்க வந்த தாதி ஒருநாள் அறையில் நான்கு பெண்களையும் கண்டார். வெள்ளைக்காரி, நல்ல மனிதர். "இவர்கள் உன் அம்மாவின் சகோதரிகளா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் நெடிய அன்ரி "ஆம்" என்றார். வான் அன்ரி வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டார். மாலையில் இதைச் சிரிப்பாகச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "எங்களைப் பார்த்தால் அப்பிடியோ தெரியுது?" என்றார். அம்மா தம் கையைத் தூக்கி, ஹீட்டரின் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

பிழை நேர்ந்தது இப்படித்தான். நெடிய அன்ரி ஒருமுறை கேட்டார்: "உங்கள் ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்களா?"

"நிறையப் பேர்," என்றேன்.

"பிறகு ஏன் ஒருத்தியும் வரவில்லை?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையசைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூவரும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தாய்க்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவளுடைய சனம் நிறையவே இருக்கிறது. ஒருவர்கூட வாசலை மிதிக்கவில்லை. உலகில் எந்த ஊர்க் கணக்கிலும் இதற்கு ஒரே விடைதான்: ஏதோ குற்றத்துக்காக அவளைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். தள்ளி வைக்கப்பட்டவருக்காகப் பெரியவர்களிடம் போய்ப் பரிந்து பேசுவது அவர்கள் வழக்கம். அவர்கள் போனார்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. வாடகைக்கு எடுத்த பாடசாலை மண்டபம், இடைவேளை, மிக்சர் தட்டுகள், காகிதக் குவளைகள். அப்பா தேநீர்ப் போச்சியோடு நின்றார். கதவு திறந்தது. மூவரும் தம்மிடமிருந்தவற்றில் சிறந்த உடையில் வந்திருந்தார்கள். நெடிய அன்ரி மஞ்சட் சால்வையில் இன்னும் நெடியவராகத் தெரிந்தார்.

"தலைவர் யார்?" என்று சின்ன அன்ரி ஆங்கிலத்தில் கேட்டார்.

செயலாளர் மாமா முன்னே வந்தார். நாற்காலி போடப்பட்டது. அவர்கள் அமர்ந்தார்கள். நெடிய அன்ரி தம் மொழி கலந்த ஆங்கிலத்தில் பேச, சின்ன அன்ரி சீர்செய்து சொன்னார்.

"அவள் ஓர் ஆண் குழந்தை பெற்றிருக்கிறாள். அவள் என்ன பிழை செய்திருந்தாலும் மன்னியுங்கள். அதைக் கேட்கவே வந்தோம்."

மாமா விழித்தார். "எந்தப் பிழை?"

"எங்களுக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. மானமுள்ளவள்."

"ஒரு பிழையும் இல்லையே."

"அப்படியானால் பிழை செய்தது கணவனா? அவன் என்றால் அவனைத் தள்ளி வையுங்கள். அவள் பால் கொடுக்கிறவள்."

அந்தக் கணவன் தேநீர்ப் போச்சியோடு அருகில்தான் நின்றார். யாரோ ஒரு பையன் சிரித்தான். அவனுடைய தாய் அவன் தொடையில் கிள்ளினார். மாமி பக்கத்திலிருந்தவரிடம், கேட்கும்படியாகவே, "இதென்ன கூத்து! இவளவையை ஆர் கூப்பிட்டது?" என்றார். கூடவே ஒரு சொல்லையும் சேர்த்தார். ஆப்பிரிக்கரைக் குறிக்க நம் பெற்றோர் வாயில் எளிதாக வந்த சொல். அதை இங்கே எழுதேன்.

அப்பா போச்சியை மேசையில் வைத்தார். கல்லூரி மேடையில் நிற்பவரைப் போல் நின்று, தம் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்: "அம்மணி, இதில் பிணக்கு ஏதுமில்லை. இது எங்கள் சமய ஆசாரம். பிள்ளை பெற்ற பெண் முப்பத்தொரு நாள் தூய்மையற்றவள். அதனால் எவரும் வருவதில்லை."

சின்ன அன்ரி அதை மற்ற இருவருக்கும் சொல்ல நேரமெடுத்தது. நெடிய அன்ரி அப்பாவை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எங்களிடமும் சட்டம் உண்டு," என்றார். "பெற்றவளுக்கு நாற்பது நாள் தொழுகை இல்லை. நோன்பு இல்லை. தனிமையும் இல்லை."

"உங்கள் உதவிக்கு நன்றி," என்றார் அப்பா. "இனி நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை."

அவர்கள் எழுந்து, எல்லோருக்கும் தலைசாய்த்துப் போனார்கள். தேநீர் ஆறிப்போயிருந்தது.

நாங்கள் வீடு வந்து சேருமுன் மாமியின் அழைப்பு வந்துவிட்டது. அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "நாங்கள் உம்மைத் தள்ளி வைச்சிருக்கிறம் எண்டு வெளியாக்களிட்டைச் சொல்லி அழுதனீரோ? ஊர் என்ன நினைக்கும்?" அம்மா தொலைபேசியை வைத்துவிட்டார்.

"இனி அவை வரத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அப்பா. "எங்களுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு. அவை எல்லாத்தையும் பிழையா விளங்கிக்கொண்டினம்."

"ஓம்," என்றார் அம்மா. அவர் குரலில் கோபமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "பிழையாத்தான் விளங்கினவை. பிழையா விளங்கினபடியால் வந்தவை. சரியா விளங்கின ஒருத்தரும் வரேல்லை."

அதன்பின் அவர்கள் வரவில்லை. திங்கள் போயிற்று; செவ்வாய் போயிற்று. அம்மா தலை வாரவில்லை. தேநீரில் மறுபடியும் ஆடை படர்ந்தது. அந்த வாரத்தின் பிற்பகுதியில் ஒரு மழை நாள், நான் வீடு திரும்பியபோது முன் கதவு திறந்து கிடந்தது. தம்பி தொட்டிலில் கத்திச் சிவந்திருந்தான். அம்மாவை எந்த அறையிலும் காணவில்லை. நான் தம்பியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பிரதான வீதிப் பஸ் தரிப்பிடத்து வாங்கில் அம்மா இருந்தார். வீட்டுச் சேலை, மேற்சட்டை இல்லை, கைப்பை இல்லை, கால் விரல்கள் நனைந்திருந்தன.

"அம்மா, எங்கை போறீங்கள்?"

"ஒரு இடமும் இல்லைப் பிள்ளை," என்றார். "ஆக்கள் ஏறி இறங்குவினம், பாக்கலாம் எண்டு வந்தனான்."

நகரத்துக்குப் போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. அம்மா இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டு பஸ் போன பின்னரே என்னோடு எழுந்து வந்தார்.

அன்று மாலை அப்பாவிடம் அதைச் சொன்னேன். சொல் மாற்றாமல் சொன்னேன். அவர் உடுப்பு மாற்றாமலேயே உட்கார்ந்திருந்தார். "ஆக்களைப் பாக்கவோ?" என்று ஒருமுறை கேட்டார். எழுந்து போய் அம்மாவின் கால்மாட்டில் நின்றார். திரும்பி வந்தார்.

மறுநாட் காலை ரை கட்டினார். "வாரும் பிள்ளை," என்று என்னை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பெண் இருக்கும் வீட்டு வாசலுக்கு ஆண் தனியே போவது முறையல்ல என்பதற்காக நான். நெடிய அன்ரியின் கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னே வந்து நின்றார்.

கதவு ஒரு கைப்பிடி அகலம் மட்டும் திறந்தது.

"அம்மணி, சனிக்கிழமை நான் தந்த விளக்கம் முழுமையானதல்ல," என்று அப்பா தொடங்கினார். வழி முழுவதும் அவர் அதை மனத்துள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "என் மனைவி உங்கள் வரவை விரும்புகிறாள். வர வேண்டாமென்று நான் சொன்னது..."

"கிட்ட வராதே!" என்றார் நெடிய அன்ரி. "பிள்ளைகள் நாலு பேருக்கும் அம்மை. உடம்பெல்லாம் கொப்புளம். பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கு நான் எப்படி வருவது? மற்ற இருவரும் என் சமையலறையில் நின்றவர்கள். அவர்களையும் போக வேண்டாம் என்றேன். சொல்லி அனுப்ப உங்கள் போன் நம்பர் இல்லை."

அப்பா ரையைச் சரிசெய்தார். "நான் வர வேண்டாம் என்றதால் அல்லவா?"

"அதுவா?" கதவிடுக்கில் பற்கள் தெரிந்தன. "கோபத்தில் ஓர் ஆண் சொல்வதை யார் கேட்பார்கள்? அவள் சாப்பிடுகிறாளா?"

"இல்லை."

"நீ சமைப்பாயா?"

"தெரியாது."

"ஆண்டவனே," என்றார் நெடிய அன்ரி. "வான்காரி உடம்பில் ஒன்றுமில்லை, நாளை அனுப்புகிறேன். இன்று நீ முட்டையாவது பொரி."

அன்று அப்பா தொழிற்சாலைக்குப் போகவில்லை. முட்டை கருகியது, அம்மா அதைத் தின்றார். அடுத்த நாளிலிருந்து, நெடிய அன்ரியின் பிள்ளைகளுக்குக் கொப்புளம் காயும்வரை, வேலைக்குப் போகுமுன் மூலைக் கடையான டெய்ரியில் பாலும் பாணும் வாங்கி அவர் வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் அப்பா பஸ் ஏறினார். கதவைத் தட்டமாட்டார். அதைப் பற்றி வீட்டில் பேசவுமில்லை. வழியிற் கண்டவள் நான் ஒருத்திதான்; இன்று எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. தமிழ்க் குடும்பங்கள் பட்டுச் சேலைகளோடும் பிள்ளைக்குச் சட்டைகளோடும் வந்தன. மந்திரம் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் மஞ்சள் நீர் தெளித்தார். நெடிய அன்ரியும் சின்ன அன்ரியும் பூசை முடியும் வரை அடுத்த அறையில் அமர்ந்திருந்தார்கள். வான் அன்ரி வாசற்படியில் நின்று தம் முறைப்படி மார்பில் சிலுவையிட்டுக்கொண்டார். சாமிக்குப் படைத்ததை அவர்கள் உண்ணமாட்டார்கள் என்பதை அம்மா கேட்டறிந்து, படைக்குமுன்பே அவர்களுக்கு வேறாக எடுத்து வைத்திருந்தார்.

அவர்களை அழைத்தது அப்பா என்பது மாமிக்குத் தெரியாது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் அந்த அறையைக் காட்டி, "உவை இண்டைக்கும் வந்திட்டினமோ? குடும்பத்து விசேஷத்திலை உவை என்ன முறை?" என்று அம்மாவிடம் கேட்டார். அப்பா சுவரோரம் நின்றார்.

அம்மா தம்பியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"என்ரை துடக்குக்காரர், மாமி," என்றார்.

அதற்குப் பதில் சொல்ல மாமியிடம் ஆசாரத்தில் இடமிருக்கவில்லை. வடையைத் தின்றார். சற்றுப் பொறுத்து, "தேத்தண்ணி ஆர் போட்டது? நல்லாயிருக்கு," என்றார். நெடிய அன்ரி ஏலக்காயும் கறுவாவும் போட்டு இறக்கிய தேநீர் அது. ஒருவரும் சொல்லவில்லை.

கோடை தொடங்கும் முன்பு, நகரின் தெற்கே மனுகாவ் பக்கம் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பிரசவமானது. கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும். அம்மா தம்பியை என்னிடம் விட்டுவிட்டு, திறக்காத கதவை இழுத்துப் பார்த்துச் சலித்து, மறுபக்கமாக ஏறி வானின் நடு ஆசனத்தில் உட்கார்ந்தார். மடியில் சரக்குக் கறிச் சட்டி. அன்று அந்த வீட்டு வாசலில் நடந்ததைப் பின்பு வான் அன்ரி நடித்தே காட்டினார். அந்த இளைஞன் கைகளை விரித்து மறித்திருக்கிறான். "அன்ரி, துடக்கு வீடு... குறை நினைக்காதேங்கோ..." அம்மா அவன் கையைச் சட்டியால் தள்ளினாராம். "தெரியும் தம்பி. நாங்கள் போய் முழுகுவம். இப்ப வழியை விடும்."

மாலையில் நால்வரும் எங்கள் வீட்டுப் பின்கதவால் நேரே குளியலறைக்கு வந்தார்கள். முழுகாமல் கூடத்துக்குள் வரக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். ஆசாரத்தை அவர் கடைசிவரை விட்டவரல்லர். மற்றவர்களுக்கு அது தேவையில்லை என்று அவரே சொன்னார்.

"இவள் முழுகினால் நாங்களும் முழுகுவோம்," என்றார் நெடிய அன்ரி, தாழ்வாரத்தில் மாற்றுடுப்புப் பையைப் பிரித்தபடி. "இல்லையென்றால் இவள் மட்டும் அழுக்கு என்றாகிவிடும்."

அந்த வீட்டின் சுடுநீர்ச் சிலிண்டர் இருவருக்கு மேல் தாங்காது. மூன்றாவதாகப் போன வான் அன்ரியின் அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். தொடர்ந்து சிரிப்பு, அதில் அம்மாவின் சிரிப்பும் இருந்தது, எல்லாவற்றிலும் உரக்க. அப்பா வேலையால் வந்து ரையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் அடுப்புப் பக்கமே திரும்பி நின்று கேத்திலில் நீர் கொதிக்க வைத்தார். கொதித்ததை என்னிடம் நீட்டினார். "கவனம் பிள்ளை, சுடும். கதவடியிலை வைச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன்.

"இன்னும் ஆர் மிச்சம்?" என்று அவர் குரலை உயர்த்திக் கேட்டார்.

"நான் ஒருத்திதான்," என்று உள்ளிருந்து அம்மா சொன்னார். "அவை முதலிலை முடிக்கட்டும்."

அப்பா கேத்திலை வைத்துவிட்டு, சோறு வடிக்கும் பெரிய பானையை எடுத்து விளிம்புவரை நீர் நிரப்பி, அடுப்பை முழுவதுமாகத் திருகினார்.